புத்தகம் கட்டிய பையன்

ஆர்ச்வே ரோட்டில் இருக்கிற முருகன் கோயிலுக்கு உங்களில் பல பேர் போயிருப்பீர்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹைகேட் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஓர் எளிய கல்லில் மைக்கேல் ஃபாரடே என்ற பெயர் இருக்கும். பிறந்த நாளும் இறந்த நாளும் இருக்கும். பட்டம் ஒன்றும் இல்லை. யார் இவர்? வாங்கோ, பார்ப்போம்.

ஃபாரடே 1791 செப்டம்பர் 22 அன்று தெற்கு லண்டனில் பிறந்தார். அப்பா கொல்லர். அவருக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும், அதனால் வீட்டில் காசு இல்லை. ஒரு காலத்தில் மைக்கேலுக்கு வாரம் முழுவதுக்கும் ஒரேயொரு பாண்தான் கிடைச்சதாம். பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்கும் படித்தார். அவ்வளவுதான்.

14 வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே 7 வருடம் வேலை பழகினார். மற்றவர்கள் புத்தகத்தைத் தைத்து, அட்டை ஒட்டி, அடுக்கி வைப்பார்கள். இவர் மட்டும் தைத்த புத்தகத்தைத் திறந்து படிப்பார்! கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிப் படித்ததும் அவருக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

1812இல் கடைக்கு வந்த ஒருவர் அவருக்கு நுழைவுச்சீட்டுக் கொடுத்தார். ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் பேச்சைக் கேட்கத்தான். மைக்கேல் 4 பேச்சையும் கேட்டார். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். படமும் வரைந்தார். சுமார் 300 பக்கம் வந்தது. தன் கையாலேயே அதைப் புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். அடுத்த வருடம் டேவி அவரை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பிறகு இருவரும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். அந்தப் பயணத்தில் டேவியின் மனைவி மைக்கேலை வேலைக்காரன் போல நடத்தினார். வீட்டுக்கே திரும்பிவிடலாமா என்றுகூட மைக்கேல் நினைத்தார். நல்ல வேளை, வேலையை விடவில்லை.

1831இல் அவர் ஒரு செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றினார். அதற்குள் ஒரு காந்தத்தைத் தள்ளினார். மின்சாரத்தைக் காட்டும் ஊசி ஆடியது! காந்தத்தை அசைக்காமல் வைத்தார். ஊசியும் நின்றுவிட்டது. வெளியே இழுத்தார். ஊசி மறுபக்கம் ஆடியது. காந்தம் அசைந்தால்தான் மின்சாரம் வரும். இதைத்தான் அவர் கண்டுபிடித்தார்.

இதற்கும் கணினிக்கும் என்ன தொடர்பு? ஹார்ட் டிஸ்க் என்பது வேகமாகச் சுழலும் வட்டத் தட்டு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. சில ஒரு பக்கம் பார்க்கும், சில மறுபக்கம் பார்க்கும். உங்கள் படமும் பாட்டும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. எழுதுவது ஒரு சின்னக் கம்பிச் சுருள். 1956இல் வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் பெரிய தாம்பாளம் மாதிரி 50 தட்டுகள். அதில் 50 லட்சம் எழுத்துகள்தான் பிடிக்கும். தட்டு சுழல, காந்தங்கள் சுருளைத் தாண்டி ஓடும். சுருளில் மின்சாரம் வரும். ஃபாரடேயின் ஊசி ஆடிய அதே விதம்தான்! இப்போது படிப்பதற்கு வேறு முறை வந்துவிட்டது. எழுதுவது இன்றும் சுருள்தான்.

1845இல் அவர் இன்னொன்று கண்டுபிடித்தார். கனமான கண்ணாடித் துண்டு ஒன்றைக் காந்தத்தின் பக்கத்தில் வைத்து, அதற்குள் ஒளியைச் செலுத்தினார். ஒளியும் அலை போல ஆடும். ஒரே பக்கமாக ஆடும் ஒளியை அனுப்பினார். காந்தம் அந்த ஒளியைச் சற்றே திருப்பிவிட்டது! பல வருடம் கழித்து, இதைப் போன்ற ஒரு விளைவை வைத்து ஒளியால் காந்தத்தைப் படிக்கும் டிஸ்க் செய்தார்கள். 1992இல் வந்த மினி டிஸ்க் அப்படிப்பட்டது. சிடி வேறு மாதிரி. அதில் காந்தம் கிடையாது. மிகச் சின்னப் பள்ளங்களை லேசர் ஒளி படிக்கும்.

இப்போது ஒரு கவலையான விஷயம். 50 வயதுக்கு முன்பே ஃபாரடேக்கு மறதி வந்துவிட்டது. ஒரு முறை பல வாரம் உழைத்துச் சில பரிசோதனைகள் செய்தார். பிறகு பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தால், சில மாதத்துக்கு முன்பே அதை அவரே செய்து முடித்திருக்கிறார்! பாவம்.

ஆனால் அவர் கையில் குறிப்புகள் இருந்தன. ஒவ்வொரு பரிசோதனையையும் எழுதுவார். ஒவ்வொரு பத்திக்கும் எண் போடுவார். அந்த எண்கள் 16,000ஐயும் தாண்டிப் போயின. எதையாவது மறந்துவிட்டால் எண்ணைத் தேடிப் பக்கத்தைப் பிடிப்பார். கணினியும் அப்படித்தான் செய்கிறது, பாருங்கோ. எதை எங்கே வைத்தோம் என்பதற்கு எண் போட்டு வைக்கும்.

அவருக்கு சர் பட்டம் கொடுக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டார். பெரிய மனிதர்களைப் புதைக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயிலும் தனக்கு இடம் வேண்டாம் என்றார். 1867 ஆகஸ்ட் 25 அன்று இறந்தார்.

ஆர்ச்வே நிலையத்தில் இறங்கி, ஹைகேட் மேட்டில் ஏறி, வாட்டர்லோ பூங்கா வழியாகப் போங்கோ. ஃபாரடே இருப்பது கல்லறைத் தோட்டத்தின் மேற்குப் பகுதியில். அவருடைய குறிப்புகளோ அவர் வேலை செய்த ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.