அயலகப் பணி கண்ட அறிஞர் இப்னு பதூதா

வேந்தன் விடுக்கும் தூதன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதைக் கூறத் திருவள்ளுவர் 'தூது' என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அன்பும் அறிவும் ஆராய்ந்து பேசும் ஆற்றலும் தூதனுக்கு இன்றியமையாதன என்பது அவர் கருத்து. தன் உயிருக்கே இறுதி வரினும் தன்னை விடுத்தவனுக்கு நன்மை தேடுபவனே தூதன் என்பது அவ்வதிகாரத்தின் முடிபு. ஆயின், அத்தகைய அயலகப் பணியை ஒருவர் எவ்வாறு தேடி அடைகின்றார், அடைந்த பின் எவ்வாறு காக்கின்றார் அல்லது இழக்கின்றார் என்பதை ஏட்டுக் கல்வியைக் காட்டிலும் ஒரு வாழ்க்கையே தெளிவாகக் காட்டும். அவ்வாறு காட்டும் வாழ்க்கைகளுள் ஒன்று இப்னு பதூதாவினுடையது. அவரை உலகம் சுற்றியவர் என்றே நாம் பள்ளி நாள் முதல் அறிந்துள்ளோம். கற்ற கல்வியையே கைப்பொருளாகக் கொண்டு பல நாட்டு அரசுகளில் பணி பெற்றவர் என்னும் நிலையில் இங்கு அவரைக் காண்போம்.

கல்வியும் முதற் பணியும்

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு மொராக்கோ நாட்டின் தாஞ்சியர் நகரில் பிறந்தார். காழிகள் பலரைத் தந்த குடும்பம் அவருடையது. மாலிக்கி மத்ஹபின் சட்ட நூல்களைக் கற்ற அவர், 1325இல் தம் இருபத்தொன்றாம் வயதில், பெற்றோரைப் பிரிந்து தனியராக ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். துனிஸ் நகரில் பயணக் கூட்டம் ஒன்றுடன் சேர்ந்தபோது, அக்கூட்டத்தின் வழக்குகளைத் தீர்க்கும் காழியாக அவரே அமர்த்தப்பட்டார். வீட்டை விட்டுப் புறப்பட்ட சில திங்களிலேயே, முன்பின் அறியாத மக்களிடையே, அவருக்கு முதற் பணி வாய்த்தது. வாங்கித் தந்தது குடிப்பெருமை அன்று. அவர் கற்றிருந்த சட்டமே.

1326இல் திமிஷ்கு நகரை அடைந்த அவர், அங்குள்ள உமையாப் பெரும் பள்ளிவாசலில் அறிஞர் அவைகளில் அமர்ந்து ஸஹீஹுல் புகாரியைக் கேட்டார். ஆசிரியர் சிலரிடம் இஜாஸா என்னும் தகுதிச் சான்றும் பெற்றார். அந்நாளில் மொராக்கோ முதல் இந்தியா வரை அரபு மொழி அறிஞர் மொழியாக விளங்கிற்று. ஷரீஅத் சட்டம் அறிந்தோர் எல்லா அவைகளிலும் வேண்டப்பட்டனர். எனவே, ஓரூரில் பெற்ற சான்று ஆயிரம் காதம் கடந்த மற்றோர் ஊரிலும் செல்லுபடியாயிற்று. கடவுச்சீட்டு இல்லாத காலத்தில் கல்வியே கடவுச்சீட்டாக நின்றது எனலாம்.

தில்லி அரசவை

மக்காவில் தங்கியிருந்த காலத்தில் இந்தியாவுக்குச் செல்லும் எண்ணம் அவருக்கு உண்டாயிற்று. ஜித்தாவில் உடன்வரத் தக்க துணை கிடைக்காமையால், ஆசியா மைனர், தங்கக் கூட்டத்தார் நாடு, கான்ஸ்தாந்திநோபிள், நடு ஆசியா எனச் சுற்றி 1333இல் சிந்து ஆற்றை அடைந்தார்.

அப்போது தில்லியை ஆண்டவர் முகம்மது பின் துக்ளக். அயல்நாட்டு அறிஞர்க்கு உயர் பதவிகளை வழங்கியவர். அவர்களை 'அஜீஸ்' எனப் பெருமைப்படுத்தி அழைக்கவும் ஆணையிட்டவர். எனினும் எல்லைக்குள் வந்தோர் எவரும் ஆராயப்படாமல் விடப்படவில்லை. வந்தவரின் தோற்றம், உடன் வந்தோர், நடத்தை முதலியவற்றை அலுவலர் எழுதி அரசருக்கு அனுப்பினர். இந்தியாவிலேயே தங்கிப் பணிபுரிய வந்ததாக முல்தானில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே மேலே செல்ல இயன்றது. அரசரைக் காணக் காணிக்கை கொண்டு செல்வதும், அவர் அதனினும் பன்மடங்கு திருப்பித் தருவதும் வழக்கம். அக்காணிக்கைக்குரிய பொருளை வணிகர் கடனாகக் கொடுத்தனர். இப்னு பதூதாவும் கடன் பெற்றார். ஆடம்பரச் செலவும் சேர அக்கடன் 55,000 தீனாராகப் பெருகிற்று; இறுதியில் அரசரே அதனைத் தீர்க்க வேண்டியதாயிற்று. வேலை கிடைக்கும் முன்னரே கடனில் மூழ்கும் நிலை இக்காலத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதை இதனால் அறிகிறோம்.

ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியத்தில் தில்லிக் காழி பதவி அவருக்கு அளிக்கப்பட்டது. தாம் மாலிக்கி மத்ஹபினர், ஊராரோ ஹனஃபிகள், மேலும் அவ்வூர் மொழியும் தமக்குத் தெரியாது என அவர் அரசரிடம் மறைக்காமல் கூறினார். அரசர் அவருக்கு இரு துணைவரை அமர்த்தினார். தெரியாததைத் தெரியாது எனக் கூறியமையால் அவர் பதவி குறையவில்லை, உதவியே கூடிற்று.

அரசர் அன்பு நிலையானதன்று. அரச ஆணைக்கு இணங்க மறுத்த சூஃபிப் பெரியார் ஒருவரைக் கண்டு வந்த குற்றத்திற்காக, இப்னு பதூதா சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். அப்பெரியார் கொல்லப்பட்டார்; இவர் உயிர் தப்பினார். பின்னர்த் தம் உடைமைகளைத் துறந்து துறவியர்பால் ஒதுங்கி வாழ்ந்தார்.

தூதுப் பணியும் அதன் முறிவும்

ஒதுங்கியவரை அரசர் மீண்டும் அழைத்தார். சீனப் பேரரசர் அனுப்பிய தூதுக் குழுவுக்கு மறுமொழியாகத் தில்லியின் தூதராகச் செல்லுமாறு பணித்தார். குதிரைகள், பணியாளர், ஆடைகள், பொற்கலங்கள் முதலிய பெரும் பரிசில்களுடன் 1342இல் அக்குழு புறப்பட்டது. கோயில் என்னும் அலிகார் அருகே நிகழ்ந்த மோதலில் இப்னு பதூதா பிடிபட்டுப் பல நாள் அலைந்து உயிர் பிழைத்தார்.

கோழிக்கோட்டில் சீனக் கப்பல்கள் காத்திருந்தன. பரிசில்கள் கப்பலேறின, ஜும்ஆத் தொழுகைக்காக இவர் கரையில் தங்கினார். அப்போது எழுந்த புயலில் பரிசில் ஏற்றிய கப்பல் உடைந்து, உடன் வந்த தூதரும் மாண்டனர். இவருடைய உடைமைகளை ஏற்றிய சிறு கப்பலோ இவரை விட்டுவிட்டுச் சென்றது. கையில் எஞ்சியவை பத்துத் தீனாரும் படுத்திருந்த விரிப்புமே. தில்லி திரும்பின் அரசர் சினத்திற்கு ஆளாக நேரும் என அஞ்சி அவர் திரும்பவில்லை. வள்ளுவர் வகுத்த அளவுகோலால் நோக்கின் இவர் அன்று தவறினார் என்றே நாம் கூறுதல் வேண்டும். ஆயினும் அறிஞர் கொலையுண்டதைக் கண்டு வந்த ஒருவரின் அச்சத்தையும் எண்ணிப் பார்த்தல் நேர்மையாகும்.

மாலத்தீவும் மதுரையும்

1343இல் மாலத்தீவை அடைந்தார். அரசி கதீஜா ஆட்சி செய்த அத்தீவில் சட்டம் கற்ற காழி கிடைப்பது அரிது. எனவே அவரை வருந்தி அழைத்துப் பதவியில் அமர்த்தினர். பெருங்குடிகளில் மணம் செய்து செல்வாக்குப் பெற்றார். ஊர் வழக்கங்களைத் தம் விருப்பப்படி மாற்ற முனைந்தார். பெண்டிர் உடை வழக்கத்தை மாற்ற இயலாமற் போனதைத் தாமே ஒப்புக்கொள்கின்றார். அமைச்சருடன் பகை முற்ற, 1344இல் பதவி துறந்து வெளியேறினார்.

இலங்கையில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராகி, பாவா ஆதம் மலையில் ஏறித் தரிசித்த பின், சோழமண்டலக் கரையருகே கப்பல் பழுதுற்றுத் தமிழகம் சேர்ந்தார். மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானி அவருக்குச் சகலர் முறையினர். அச்சுல்தானுடன் கூடி, தமக்குப் பணியளித்த மாலத்தீவின் மீதே படை அனுப்பத் திட்டமிட்டார் என்பது அவர் வாழ்வில் ஒரு கறையே. கப்பல்கள் மூன்று திங்கள் புறப்பட இயலாமையால் அத்திட்டம் கைகூடவில்லை. எனினும், உறவினர் என்பதற்காகச் சுல்தானின் கொடுமைகளை அவர் மறைத்தாரல்லர். போரில் சிறைப்பட்ட பெண்டிரும் பிள்ளைகளும் கொல்லப்பட்டதைக் கண்டித்தே பதிவு செய்துள்ளார். கொள்ளைநோய் பரவியிருந்த மதுரையில் காய்ச்சலுற்றபோது, புளியை நீரில் கரைத்துக் குடித்து நலம் பெற்றதையும் குறிப்பிடுகின்றார்.

பின்னர் வங்காளம், சுமத்ரா வழியே சீனத்தின் ஸைத்தூன் துறைமுகத்தை அடைந்தார். இந்தியாவுக்கு வந்திருந்த சீனத் தூதர் ஒருவர் அங்கு அவரை அடையாளங்கண்டு அலுவலரிடம் அறிமுகப்படுத்தினார். அரசர் அளித்த பரிசில்கள் கடலில் போயின. பழகிய முகம் ஒன்று எஞ்சி உதவிற்று. சீனத்தினுள் அவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

திரும்பிய மகன்

1348இல் மீண்டும் திமிஷ்கு வந்தபோது, தம் தந்தை பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்த செய்தியைக் கேட்டார். 1349இல் தாயகம் நெருங்கியபோது, அன்னையையும் கொள்ளைநோய் கொண்டு சென்றது என அறிந்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் தாஞ்சியர் சேர்ந்த மகனுக்குக் காணக் கிடைத்தது தாயின் அடக்கத்தலமே. பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வாசலை நோக்கியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இதன் வலியை விளக்க வேண்டுவதில்லை.

1352இல் மாலி நாட்டையும் கண்டு திரும்பிய அவரை, மொராக்கோ சுல்தான் அபூ இனான் தம் பயணங்களை எடுத்துரைக்கப் பணித்தார். அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுத, 1355இல் 'ரிஹ்லா' நிறைவுற்றது. ஃபெஸ் அரசவையில் அவர் கூறியதை நம்பாதோரும் இருந்தனர் என்பதை இப்னு கல்தூன் குறித்துள்ளார். இறுதிக் காலத்தில் சொந்த நாட்டில் காழியாகப் பணியாற்றி, 1368 அல்லது 1369இல் மறைந்தார்.

மாணவர்க்கு

இன்று காணிக்கைக்குக் கடன் பெற்று அரசவை வாயிலில் நிற்க வேண்டுவதில்லை. இந்திய அயலுறவுப் பணிக்குக் குடிமைப் பணித் தேர்வே வாயில். அதன் முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதவும் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாகக் கொள்ளவும் வழியுண்டு. அரபு 1973 முதல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையின் அலுவல் மொழிகளுள் ஒன்று. ஆகவே, தமிழும் அரபும் பயில்வோர் தம் கல்வி ஊரெல்லைக்குள் அடங்கியது என எண்ண வேண்டா.

இப்னு பதூதாவுக்குப் பொன்னும் பதவியும் வந்தன, போயின. எங்குச் சென்றாலும் தேவைப்பட்ட ஒரு துறையில் ஆழ்ந்த கல்வி, அறியாமையை ஒப்புக்கொள்ளும் நேர்மை, பழகியோரின் நினைவு ஆகிய மூன்றே அவரை மீண்டும் மீண்டும் தாங்கின. அவர் தவறிய இடங்களோ, பணியளித்தவர்பால் நன்றியும், ஊர் வழக்கின்பால் மதிப்பும், வரவுக்குள் வாழும் அடக்கமும் வேண்டும் எனக் கற்பிக்கின்றன. அயலகம் செல்ல விழையும் மாணவர் இவ்விரண்டையும் உடன்கொண்டு செல்வாராக. தாய் தந்தையர் இருக்கும்போதே திரும்பி வந்து காண்பாராக.