ஏரி கண்ட கலெக்டர்

பழனிமலையின்மீது, ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்தது கோடைக்கானல். அங்கே முன்னாளில் சதுப்பு நிலம் ஒன்று இருந்தது. அதனூடே ஓர் ஓடை சென்றது. 1863ஆம் ஆண்டில் அவ்வோடைக்குக் குறுக்கே கரை எழுப்பி, அதனை விண்மீன் வடிவ ஏரியாக்கினார் சர் வியர் ஹென்றி லெவிஞ்ச். அயர்லாந்துக் குடியில் தோன்றி, மதுரை மாவட்டக் கலெக்டராக விளங்கிய அவர், அப்பணிக்குத் தம் சொந்தப் பொருளையே செலவிட்டார். ஓய்வு பெற்றபின் கோடைக்கானலிலேயே குடியமர்ந்தார்; அயல்நாட்டுப் பழமரங்களையும் யூகலிப்டஸ் மரங்களையும் கொணர்ந்து நட்டார். 1885இல் மறைந்தார்.

மரம் நடுதல் யாண்டும் நன்றே என்பது பலர் எண்ணம். அம்மலையின் இயல்போ வேறு. மேட்டில் புல்வெளியும் பள்ளத்தில் சோலைக்காடும் அங்கே அடுத்தடுத்து அமைந்தன. சோலையில் உதிரும் இலைகளைப் பூஞ்சைகளும் புழுக்களும் மட்கச் செய்கின்றன. அவ்வாறு உண்டாகும் கரிய மண், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி, வேனிலிலும் சிறிது சிறிதாகக் கசியவிடுகின்றது. புல்லின் நெருங்கிய வேர்கள் செய்வதும் அதுவே. அம்மண் உருவாகப் பல நூற்றாண்டுகள் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில், தோல் பதனிடுவதற்கும் ஆலைகளுக்கும் உதவுமெனக் கருதி, வனத்துறையினர் வாட்டில், யூகலிப்டஸ் மரங்களைப் பெரும்பரப்பில் வளர்த்தனர். புல்வெளிகள் பல மறைந்தன. இவ்விளைவை லெவிஞ்ச் அறிந்திலர். அவர் நாளில் அறிந்தாரும் அரியர். அவர் கட்டிய ஏரிக்கு நீர் தருவனவோ அம்மலைச்சரிவுகளே. வாட்டில் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கிப் பின் முளைக்கும். ஆதலால் புல்வெளியை மீட்க முயல்வோர், மரங்களை வெட்டியபின்னும் ஆண்டுதோறும் அதன் கன்றுகளைக் களைய வேண்டியவராயினர்.