ஆனந்தரங்கர் கண்ட நாடு

மக்கள் வெட்டிய வாய்க்காலும், கட்டிய கோட்டையும், நட்ட வேலியும், நடந்து பழகிய வழியும் சேர்ந்தே ஒரு நாட்டிற்கு உருவம் தருகின்றன. இவை என்றும் நிலைத்திருப்பன அல்ல. போர் மூண்டால் கோட்டை வீழும். வாணிகம் மாறினால் தறிகள் ஓயும். காடாக இருந்த இடம் வயலாகும். வயலாக இருந்த இடம் நகராகும். இவ்வாறு மறைந்தவற்றை அறிய நமக்குத் துணையாவன இரண்டு. ஒன்று, மண்ணில் எஞ்சி நிற்கும் அடையாளம். மற்றொன்று, நேரிற் கண்டவர் எழுதி வைத்த குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியும் அதனைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளும் எவ்வாறு இருந்தன என்பதை அறிய இத்தகைய குறிப்பை நமக்குத் தந்து சென்றவர் ஆனந்தரங்கப் பிள்ளை ஆவார்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, ஒரு வணிகர். ஆனந்தரங்கர் மூன்றாம் வயதிலேயே தாயை இழந்தார். எம்பார் என்பவரிடம் திண்ணைப் பள்ளியிற் கல்வி கற்றார். உறவினராகிய நைனியப்பப் பிள்ளை அக்காலத்தில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் தரகராக விளங்கினார். அவர் அழைப்பை ஏற்றுத் திருவேங்கடம் பிள்ளை குடும்பத்துடன் புதுச்சேரிக்குக் குடியேறினார். ஆனால் நைனியப்பர் கவர்னர் எபேர் என்பவரின் பகைக்கு ஆளாகிச் சிறையில் அடைக்கப்பட்டு, 1717இல் அங்கேயே உயிர் நீத்தார். ஆள்வோரின் அருள் எவ்வளவு விரைவில் மாறும் என்பதைச் சிறுவர் ஆனந்தரங்கர் தம் வீட்டிலேயே கண்டார்.

1726இல் தந்தையார் மறைந்தார். இளைஞர் ஆனந்தரங்கரின் திறமையை உணர்ந்த கவர்னர் லெனுவார், பரங்கிப்பேட்டையில் இருந்த துணிப் பண்டகசாலையில் உள்நாட்டுப் பணியாளர்க்குத் தலைவராக அவரை அமர்த்தினார். அங்கே அவர் துணி வாணிகத்தின் நுட்பங்களை எல்லாம் கற்றார்.

அந்நாளில் புதுச்சேரியின் செல்வம் துணியே. சுற்றுப்புறச் சிற்றூர்களில் வீடுதோறும் தறி ஒலித்தது. கும்பினி வணிகர்க்கு முன்பணம் கொடுக்கும். வணிகர் நெசவாளர்க்குக் கொடுப்பர். நெய்து முடிந்த துணி பண்டகசாலைக்கு வரும். அங்கே நீளமும் அகலமும் நூலின் நெருக்கமும் சோதிக்கப்படும். தேறிய துணியை வெளுப்பவர் வெளுப்பர். சாயக்காரர் அவுரி நீலத்தில் தோய்ப்பர். பின்னர் அது பொதிகளாகக் கட்டப்பட்டுக் கப்பலேறும். புதுவையின் நீலத்துணி பிரெஞ்சு வணிகர் வழியாக ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைவரை சென்றது. ஆனந்தரங்கர் ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் தம் பொருளைக் கொண்டு வாணிகக் கிடங்குகள் நிறுவினார். சொந்தக் கப்பலும் வைத்திருந்தார்.

1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவர் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தேழு. அன்று தொடங்கிய பணி இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது. துறைமுகத்திற்கு வந்த கப்பல்கள், அவற்றிற்கு முழங்கிய பீரங்கிகள், துணியின் விலை, தண்டனை பெற்றவர், திருமண விருந்து, கவர்னரின் சினம், தெருவில் பரவிய வதந்தி எனப் பெரியதும் சிறியதும் அதில் இடம்பெற்றன. அதன் நடை பேச்சுத் தமிழ். இலக்கியம் படைக்கும் நோக்கம் அவர்க்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அன்றாடம் கண்டதை அன்றே எழுதியதே அதற்குப் பெருமை தந்தது.

1742இல் துய்ப்ளே புதுவையின் கவர்னரானார். தலைமைத் துபாசியாக இருந்த கனகராய முதலியார் 1746இல் மறைந்தபின், ஆனந்தரங்கர் 1747இல் அப்பதவியைப் பெற்றார். துபாசி என்பவர் இரு மொழி அறிந்து, அயல்நாட்டவர்க்கும் உள்நாட்டவர்க்கும் இடையே நின்று செயலாற்றுபவர். ஆனந்தரங்கர் கவர்னரின் மாளிகைக்குள் மேளவாத்தியத்துடன் பல்லக்கிற் செல்லும் உரிமை பெற்றார். முசாபர் சங்கு அவருக்கு மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் என்னும் சிறப்பை வழங்கினார். எனினும் அவர் எழுதுகோலைக் கைவிட்டாரல்லர்.

அவர் எழுதிய ஆண்டுகள் அமைதியான ஆண்டுகள் அல்ல. 1740இல் மராத்தியர் படையெடுத்து வந்தபோது ஆர்க்காட்டு நவாபின் குடும்பத்தார் புதுவை மதிலுக்குள் அடைக்கலம் புகுந்தனர். 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவென் பெரும்படையுடன் வந்து அரியாங்குப்பம் கோட்டையைத் தாக்கினார். அக்கோட்டை பாழாயிற்று. நகரும் முற்றுகையிடப்பட்டது. அந்நாட்களிலேயே நகருள் இருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அத்துயர நிகழ்ச்சியையும் ஆனந்தரங்கர் மறைக்காமல் எழுதி வைத்தார். முற்றுகை தோற்று, ஆங்கிலேயர் அக்டோபரில் திரும்பினர்.

அடுத்த ஆண்டு நாட்டின் எல்லையே மாறிற்று. 1749இல் சந்தா சாகிபு, தமக்கு உதவிய பிரெஞ்சுக்காரர்க்கு வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளின் ஊர்களை அளித்தார். கடற்கரை நகராக இருந்த புதுவைக்கு ஏரியும் நெல்வயலும் தறியும் உடைய உள்நாடு கிடைத்தது. ஆனால் அவ்வுள்நாட்டு மக்களுக்கு அமைதி கிட்டவில்லை. 1752இல் பாகூரில் ஆங்கிலத் தளபதி லாரன்சு பிரெஞ்சுப் படையை முறியடித்தார். உழவர் உழுத நிலம் போர்க்களம் ஆயிற்று.

புதுவையைச் சுற்றி அந்நாளில் விந்தையான காவல் ஒன்று இருந்தது. நகருக்கு அப்பால், வயல்களுக்கு இடையே, அடர்ந்த முள்வேலி ஒன்று அரைவட்டமாக வளைந்து கிடந்தது. கள்ளியும் கற்றாழையும் முட்செடியும் பனையும் பின்னி வளர்ந்த உயிர்வேலி அது. அரியாங்குப்பம், வில்லியனூர், வழுதாவூர், சென்னை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்லும் பாதைகள் அவ்வேலியைக் கடக்கும் இடங்களில் சிறு கொத்தளங்கள் நின்றன. 1760இல் ஆங்கிலத் தளபதி கூட் முதலில் வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றினார். செப்டம்பரில் இவ்வேலியும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் நகருக்கு வெளியிலிருந்து உணவு வருவது அரிதாயிற்று. பசி நகரை வாட்டியது.

ஆனந்தரங்கரின் நிலையும் தாழ்ந்திருந்தது. 1756இல் துபாசிப் பதவி அவரை விட்டு நீங்கியது. நோயும் அவரை நலித்தது. 1761 ஜனவரியில், நகரம் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன், அவர் உயிர் பிரிந்தது. ஜனவரி 16ஆம் நாள் ஆங்கிலேயர் நகருள் நுழைந்தனர். மதில்களையும் மாளிகைகளையும் தகர்த்தனர். தாம் வாழ்நாள் முழுதும் எழுதிய நகரம் தரைமட்டமாவதைக் காணும் துன்பம் அவர்க்கு நேரவில்லை.

1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, பாழடைந்த நகரை மீண்டும் கட்டினர். 1783ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை, வில்லியனூரையும் பாகூரையும் அவர்கட்கு உரியனவாகக் கூறியது. இன்றும் புதுச்சேரிப் பகுதியின் எல்லை நேராக ஓடாமல், தமிழ்நாட்டு ஊர்களுக்கு இடையே வளைந்தும் துண்டுபட்டும் கிடக்கிறது. அக்காலக் கொடைகளும் உடன்படிக்கைகளும் நிலத்தின்மேல் விட்டுச்சென்ற தடம் அது. கைத்தறிக்கு வாழ்வளித்த பழைய வாணிகமும் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் எழுந்தன. 1829இல் தோன்றிய சவானா ஆலையும், 1898இல் தோன்றிய ரோடியர் ஆலையும் ஆயிரக்கணக்கானவர்க்குப் பிழைப்பளித்தன. இன்று அவையும் மூடிக் கிடக்கின்றன. தறியின் ஒலியைப் போலவே ஆலையின் சங்கொலியும் பழங்கதை ஆயிற்று.

நாட்குறிப்பு நெடுங்காலம் உலகறியாமல் கிடந்தது. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைக் கண்டறிந்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசினர் அதனை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். பின்னர்த் தமிழ் மூலமும் புதுவையில் அச்சேறியது. ஆனந்தரங்கரின் இல்லமும் புதுவையில் அவர் பெயர் தாங்கிய தெருவில் இன்றும் நிற்கிறது. கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழர் முறையிலும், மேல்தளம் வெண்தூண்களுடன் பிரெஞ்சு முறையிலும் அமைந்திருப்பதைக் காண்போர், இரு நாகரிகங்களுக்கு இடையே வாழ்ந்த அவர் வாழ்க்கையையே அங்குக் காண்பர்.

ஆயினும் நாட்குறிப்பு எல்லாவற்றையும் கூறிவிடவில்லை. அது வணிகர் ஒருவரின் ஏடு. தறியில் அமர்ந்தவரும், அவுரித் தொட்டியில் கை நீலமாகுமாறு உழைத்தவரும், போருக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடியவரும் நாட்குறிப்பு எழுதவில்லை. அவர்கள் வாழ்வின் சுவடுகள் தறிக்குழியாகவும், சாயத்தொட்டியாகவும், செங்கல்லாகவும், உடைந்த கலமாகவும், ஓர் ஊரின் பெயராகவும் நிலத்திலேயே தங்கக்கூடும். அவற்றை ஏட்டோடு சேர்த்துப் படிப்பவர்க்கே பழைய நாடு முழு உருவுடன் தோன்றும்.

ஆதலால் பழைய செங்கற்சுவர் ஒன்றையோ, தூர்ந்த வாய்க்கால் ஒன்றையோ, ஓய்ந்த ஆலைப் புகைபோக்கி ஒன்றையோ காணுங்கால் அதனைப் பயனற்றது என்று தள்ளிவிடலாகாது. அதன் அளவையும் இடத்தையும் குறித்துக்கொள்ளுதலும், அதைப்பற்றி முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதி வைத்தலும் மாணவர் எவர்க்கும் இயலும். தாம் கண்டதை நாள்தோறும் எழுதிய ஆனந்தரங்கர் நமக்குக் காட்டிய வழி இதுவே ஆகும்.