தாமஸ் ஸ்டீவன்ஸ் சரிதம்

புதுவைப் பெரிய மார்க்கெட்டிற்குக் காலையிற் செல்வோர், வாழையிலைக் கட்டும் காய்கறி மூட்டையும் சுமந்து நிற்கும் சைக்கிள்களைக் காணாதிரார். எளிய பொருளாதலின் நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அதன் முன்னோடியான வண்டியொன்றில் ஏறி உலகை வலம்வந்த முதல்வராகிய தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பாரின் சரித்திரம், மாணவராகிய நாம் ஆய்ந்துணரத் தக்கதாம்.

இவர் 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையில் அமெரிக்கா சென்று, ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துச் சீவித்தார். அவர்தம் சைக்கிளின் முன்சக்கரம் 50 அங்குல உயரம். பின்சக்கரம் மிகச் சிறிது. டன்லப் காற்றடைத்த டயரை உண்டாக்கியது 1888-இலேயாம். ஆகவே ஸ்டீவன்ஸின் சக்கரம் கெட்டியான ரப்பர் பூண்டது. ஒரு கல் தடுப்பினும், உயரத்தில் அமர்ந்திருப்பவர் தலைகுப்புற வீழ்வார். இத்தகைய வண்டியில், 1884 ஏப்ரல் 22-ஆந் தேதி, ஸான்பிரான்சிஸ்கோவினின்றும் அவர் புறப்பட்டார். மாற்றுச் சட்டையும், கூடாரமாகவும் உதவும் மழையங்கியும், கைத்துப்பாக்கியும் அவர்தம் மூட்டையில் இருந்தன. வழியில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் நடந்தே கடந்து, ஆகஸ்டு 4-இல் பாஸ்டன் சேர்ந்தார்.

மறு ஆண்டு மே மாதம் லிவர்பூலினின்றும் கிளம்பி, ஐரோப்பாவையும் துருக்கியையும் கடந்து, பாரசீகத் தலைநகராகிய டெஹ்ரானிற் குளிர்காலத்தைக் கழித்தார். 1886-இல் ஆப்கானிஸ்தானத்துட் புகுந்தபோது அதிகாரிகள் அவரைப் பிடித்து, ஹெராத் வழியே பாரசீகத்திற்குத் திருப்பியனுப்பினர். காஸ்பியன் கடலையும் கடந்து கான்ஸ்டான்டினோபிள் வரையில் மீள நேர்ந்தது. பிறராயின் அம்மட்டில் ஊர் திரும்பியிருப்பர். அவரோ கப்பலேறிக் கராச்சியை அடைந்து, ரயிலில் லாகூர் சென்று, அங்கிருந்து மீண்டும் சக்கரத்தை உருட்டினார்.

லாகூரிலிருந்து டில்லி, ஆக்ரா, கான்பூர், அலகாபாத், காசி வழியே கல்கத்தா வரையில் அவர் சென்ற பெருவழி, சுக்கான் கல்லைப் பரப்பி நீர்விட்டு இடித்து இறுக்கியது. இருமருங்கும் நிழல்மரங்கள் நின்றன. மழைக்கால வெப்பம் வருத்தியபோதிலும், இத்துணை நல்ல பாதை பிறநாடுகளில் அவருக்கு வாய்த்தது அரிது. கூலியாட்களின் கை இடித்திறுக்கிய கல்லே அவரைத் தாங்கிற்று என்பதை நாம் மறத்தலாகாது.

பின்னர்ச் சீனத்தில் ஒரு நகரில் கூட்டத்தார் கல்லெறிந்து துரத்த, அந்நாட்டு அதிகாரிகளே அவரைக் காத்தனர். 1886 டிசம்பர் 17-இல் ஜப்பானிய யோக்கஹாமாவில் அவர்தம் சைக்கிள் யாத்திரை முற்றிற்று. சக்கரத்தின்மீது கடந்த தூரம் சுமார் 13,500 மைல். அவ்வரலாற்றை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். 1935-இல் இலண்டனிற் காலமானார்.

அவரிடம் குறையுமுண்டு. தம் நாட்டின் ஆதிக்கச் செருக்கு அவரையும் பற்றியிருந்தது. கீழ்நாட்டு மக்களை இகழ்ந்தெழுதிய இடங்கள் அந்நூலில் உள. எனினும், அந்நூலே அவருக்கு எதிராகவும் சாட்சி பகர்கின்றது. இருள் சூழ்ந்த வேளையில் முன்பின் அறியாத அந்நியனுக்குக் கதவு திறந்து, ரொட்டியும் படுக்கையும் அளித்தவர் அக்கிராமத்தாரேயன்றோ? கைத்துப்பாக்கி அவரை உலகஞ் சுற்றி வரச் செய்யவில்லை. ஏழைகளின் விருந்தோம்பலே செய்தது.

இவ்வுண்மையை அவர் முழுதும் உணர்ந்தாரோ இலரோ, நாம் உணர்தல் வேண்டும். தடை நேர்ந்தவிடத்து வேறு வழி தேடும் உறுதியை ஸ்டீவன்ஸிடம் கற்போம். நன்றியறிதலை அவர் கற்றதினும் மிகுதியாய்க் கற்போம். இனிப் பெரிய மார்க்கெட்டு வாயிலில், மூட்டை கட்டிய சைக்கிளைத் தள்ளி வரும் முதியவர் எதிர்ப்படின், நாம் ஒதுங்கி வழிவிடுவோமாக. நாம் உண்ணும் உணவும் அவர் கடந்து வந்த பாதையினாலாயதே.