டெபியன்ல இருக்கிற ‘இயன்’

டெர்மினல்ல ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’னு ஒரு தடவையாவது டைப் பண்ணாம இந்த காலேஜை விட்டு வெளிய போறவங்க ரொம்ப கம்மி. லேப்ல இருக்கிற உபுண்டு, ஹாக்கிங் கத்துக்கிறேன்னு போடுற காளி, மினி ப்ராஜெக்டுக்கு வாங்குற ராஸ்பெர்ரி பையில ஓடுற ஓஎஸ், எல்லாத்தோட அடியிலயும் இருக்கிறது டெபியன். சென்னையில இருக்கிற சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் டெபியன் மேல கட்டினதுதான். அரசு கொடுத்த இலவச லேப்டாப்ல அதைப் பார்த்த அண்ணன், அக்கா உங்க வீட்லயே இருக்கலாம்.

அந்தப் பேருக்குள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ‘டெப்’னா டெப்ரா லின். ‘இயன்’னா இயன் மர்டாக். காதலியோட பேரையும் தன் பேரையும் ஒட்டி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு வெச்சப்போ இயனுக்கு வயசு 20. கடைசி பெஞ்சுல காம்பஸால பேர் செதுக்குறவங்க இதை கவனிக்கவும்.

இயன் பிறந்தது 1973 ஏப்ரல் 28, அப்போ மேற்கு ஜெர்மனியில இருந்த கான்ஸ்டான்ஸ் நகரத்துல. வளர்ந்தது அமெரிக்காவுல, இண்டியானா மாநிலத்துல. அப்பா பர்டூ பல்கலைக்கழகத்துல பூச்சியியல் பேராசிரியர். அப்பாவோட லேபுக்கு வந்த ஒரு ஆப்பிள் டூ கம்ப்யூட்டர்லதான் சின்ன வயசுல ப்ரோகிராமிங் பழக்கம் ஆச்சு. ஆனா அதே பர்டூவுல காலேஜ் சேர்ந்தப்போ எடுத்தது அக்கவுண்டிங். யூனிக்ஸ் மெஷின்களைப் பார்த்த பிறகுதான் மனசு கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் திரும்புச்சு.

அந்த நேரத்து நிலைமையைக் கொஞ்சம் சொல்லணும். 1991ல லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். ஆனா கெர்னல்ங்கிறது பஸ்ஸோட இன்ஜின் மாதிரி. இன்ஜினை மட்டும் வெச்சுக்கிட்டு ஊருக்குப் போக முடியாது. ஷெல், கம்பைலர், எடிட்டர், பிரிண்டருக்கான ப்ரோகிராம்னு நூத்துக்கணக்கான சாஃப்ட்வேரை அது கூட சேர்த்துக் கட்டி, ஒருத்தர் இன்ஸ்டால் பண்ற மாதிரி கொடுக்கணும். அதுக்குப் பேருதான் டிஸ்ட்ரிபியூஷன். 1992ல வந்த எஸ்எல்எஸ், அப்போ ரொம்ப பேர் பயன்படுத்தின டிஸ்ட்ரிபியூஷன். அடுக்கடுக்கா ஃபிளாப்பில இறக்கி ஏத்தணும். இயனும் அதைத்தான் போட்டார். அதுல பக்குக்குப் பஞ்சமே இல்லை. போட்டவங்க ஒவ்வொருத்தரும் அதே பக்கைத் தன் மெஷின்ல மட்டும் சரி பண்ணிக்கிட்டாங்க. அந்தத் திருத்தம் அடுத்தவனுக்குப் போய்ச் சேர ஒழுங்கான வழி கிடையாது.

இதே எஸ்எல்எஸ்ஸைத் திருத்த உட்கார்ந்த இன்னொரு மாணவரும் இருந்தார். மினசோட்டாவுல இருந்த பேட்ரிக் வோல்கெர்டிங். அவர் பக்கெல்லாம் சரி பண்ணி 1993 ஜூலையில ஸ்லாக்வேர்னு வெளியிட்டார். அது இன்னைக்கும் இருக்கு. ஆனா அந்த முப்பது வருஷத்துக்கும் மேல அதோட கடைசி முடிவு பெரும்பாலும் அந்த ஒரே மனுஷன் கையிலதான். ஸ்லாக்வேர் வெளியான அடுத்த மாசமே, 1993 ஆகஸ்ட் 16 அன்னைக்கு இயன் மர்டாக் தன் டெபியனை அறிவிச்சார். இவரும் முதல்ல எஸ்எல்எஸ்ஸை ஒட்டுப்போட்டுப் பார்க்கலாம்னுதான் நினைச்சார். அப்புறம் இது தேறாதுன்னு அடியிலேருந்து கட்ட முடிவு பண்ணார். ரெண்டு பேரும் பார்த்த பிரச்சனை ஒண்ணுதான், ஆனா போன ரூட் வேற வேற.

டெபியனுக்கு இயன் ஒரு கொள்கை அறிக்கையும் எழுதினார். அதோட சாரம் இதுதான்: கெர்னலை உலகம் முழுக்க இருக்கிறவங்க சேர்ந்து வெளிப்படையா எழுதுறாங்க, அப்போ டிஸ்ட்ரிபியூஷனை மட்டும் ஏன் ஒருத்தர் மூடின கதவுக்குப் பின்னாடி கட்டணும்? கட்டி வித்துட்டு மெயின்டெயின் பண்ணாம விடுறவங்க மேல அவருக்குக் கடுப்பு இருந்தது அதைப் படிச்சா தெரியும். மெயின்டெயின் பண்றதுதான் மெயின் வேலைன்னு ஒரு 20 வயசுப் பையன் நினைச்சதுதான் எனக்கு ஆச்சரியம். நம்மள்ல யாரு அப்படி நினைக்கிறோம்? டெமோ முடிஞ்சதும் ரெப்போவை யாரும் திறந்துகூடப் பார்க்கறதில்லை.

சரி, பல பேர் சேர்ந்து எப்படிக் கட்டுறது? இங்கதான் பேக்கேஜ் வருது. ஓஎஸ்ஸை மொத்தமா ஒரே மூட்டையா கட்டாம, சின்னச் சின்ன பேக்கேஜா பிரிச்சாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மெயின்டெய்னர். இந்த பேக்கேஜ் ஓடணும்னா வேற எது எது வேணும், எது கூட ஒத்துப் போகாதுன்னு அதுக்குள்ளயே எழுதி வெச்சிருக்கும். எந்த ஃபைல் எங்க போகணும்ங்கிறதுக்கு எல்லாருக்கும் பொதுவா ஒரு விதி. அந்த விதியை ஃபாலோ பண்ணினா, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமலே ரெண்டு பேர் செஞ்ச பேக்கேஜ் ஒரே மெஷின்ல ஒழுங்கா உட்காரும். இதைக் கையாளுற டிபிகேஜிங்கிற ப்ரோகிராமை முதல்ல ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டா எழுதினது இயன் மர்டாக். பின்னாடி அதை சி-யில மொத்தமா திருப்பி எழுதினது இயன் ஜாக்சன். ஆமா, இது இன்னொரு இயன். குழப்பிக்காதீங்க.

அந்த ரெண்டாவது இயன் 1994ல பண்ண இன்னொரு வேலை, டெபியனோட பக் டிராக்கிங் சிஸ்டம். இது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சா டெபியன் எதுக்கு இத்தனை வருஷம் தாங்குதுன்னு கொஞ்சம் புரியும். நீங்க ஒரு பக்கைச் சொன்னா அதுக்கு ஒரு நம்பர் விழும். அந்த நம்பர் வேற எதுக்கும் திரும்பப் போகாது. பக் எவ்வளவு மோசம்னு ஏழு படி இருக்கு. கீழ ‘இப்படி இருந்தா நல்லா இருக்கும்’ங்கிற ஆசை. மேல சிஸ்டத்தையே உடைக்கிற ரகம். மேல் மூணு படியில இருக்கிறதெல்லாம் ரிலீஸைத் தடுக்கிற பக். மெயின்டெய்னர் சரி பண்ணி, புது வெர்ஷனோட சேஞ்ச்லாக்ல பக் நம்பரைக் குறிச்சு ஏத்தினா, அந்த பக் தானா குளோஸ் ஆகும்.

ஏத்தினது உடனே எல்லார் மெஷினுக்கும் போயிடாது. முதல்ல ‘அன்ஸ்டேபிள்’ல கிடக்கும். அங்க பெரிய பக் புதுசா எதுவும் வராம, அவசரத்தைப் பொறுத்து 2லேருந்து 10 நாள் தாண்டினா ‘டெஸ்டிங்’குக்கு நகரும். ரிலீஸ் நெருங்கும்போது ‘ஃப்ரீஸ்’. புது ஃபீச்சருக்குக் கதவு சாத்திட்டு பக்கை மட்டும் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. ரிலீஸைத் தடுக்கிற பக்கெல்லாம் ஒரு வழிக்கு வந்தாதான் ‘ஸ்டேபிள்’. இந்தப் பட்டியல் முழுக்க யார் வேணும்னாலும் பார்க்கலாம். பிரச்சனையை மறைக்கிறதில்லைங்கிறதை 1997ல வந்த டெபியனோட சமூக ஒப்பந்தம் ஒரு வாக்குறுதியாவே வெச்சுது. 2021 நவம்பர்ல பக் நம்பர் பத்து லட்சத்தைத் தொட்டது.

ஆரம்பம் அவ்வளவு வேகம் இல்லை. 1994 ஜனவரியில 0.91. 1994 நவம்பர்லேருந்து ஒரு வருஷம் ரிச்சர்ட் ஸ்டால்மனோட ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆதரவு கிடைச்சது. 1995 கடைசியில ஒரு கூத்து. சிடி விக்கிற ஒரு நிறுவனம், முடியாத வெர்ஷனை எடுத்து டெபியன் 1.0ன்னு அச்சடிச்சு வித்துடுச்சு. குழப்பம் வேண்டாம்னு டெபியன்காரங்க 1.0ங்கிற நம்பரையே விட்டுட்டு 1.1க்குப் போயிட்டாங்க. அதனால டெபியன் 1.0ன்னு ஒண்ணு அதிகாரப்பூர்வமா வந்ததே இல்லை.

அந்த 1.1 வெளியாகும்போது இயன் தலைவரா இல்லை. 1996 மார்ச்ல பொறுப்பை ப்ரூஸ் பெரன்ஸ்கிட்ட கொடுத்துட்டார். அப்போ இயனுக்கு 22 வயசு. டிகிரியே அந்த வருஷம்தான் முடிச்சார். ஜூன் 17 அன்னைக்கு 474 பேக்கேஜோட 1.1 வந்தது. பெரன்ஸ் அப்போ பிக்ஸார்ல வேலை பார்த்ததால ‘டாய் ஸ்டோரி’ பொம்மைகளோட பேரை வெர்ஷன்களுக்கு வைக்கிற பழக்கம் வந்துச்சு. 1.1க்குப் பேரு பஸ். அன்ஸ்டேபிளுக்கு நிரந்தரமா சிட். படத்துல பொம்மைகளை உடைக்கிற பக்கத்து வீட்டுப் பையன்.

என்னைக் கேட்டா, இயன் செஞ்சதுலயே பெரிய வேலை அந்த ஒப்படைப்புதான். தன் பேரும் காதலி பேரும் இருக்கிற ஒண்ணை விட்டுட்டு நகர்றது லேசு இல்லை. இப்போ டெபியன்ல வருஷா வருஷம் தேர்தல் வெச்சுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறாங்க.

அவர் போன பிறகு எல்லாம் சுகமா நடந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். 2006ல ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜ்ல, பக் பிடிக்கிற டூல் ஒண்ணு வார்னிங் காட்டுதேன்னு ரெண்டு வரியை எடுத்தாங்க. அந்த வரிகள்தான் ரேண்டம் நம்பருக்கு உயிர். அதுக்கப்புறம் சாவி உருவாக்கும்போது மாறுறது ப்ராசஸ் நம்பர் மட்டும்தான்னு ஆச்சு. அது வழக்கமா 32,768ஐத் தாண்டாது. ஒவ்வொரு வகைச் சாவியிலயும் அவ்வளவு சாவிதான் சாத்தியம்னா, ஒரு லேப்டாப்லயே எல்லாத்தையும் போட்டுப் பார்த்துடலாம். ரெண்டு வருஷம் கிட்ட யாருக்கும் தெரியலை. உபுண்டுவுக்கும் அது பரவியிருந்தது. 2008 மே 13 அன்னைக்கு டெபியனே எழுந்து நின்னு அறிவிச்சுது: சாவியெல்லாம் புதுசா போடுங்கன்னு. ஒரு வார்னிங்கைச் சரி பண்ணப் போய் வந்த பக் இது. நிறைய கண்ணு பார்த்தா பக் தப்பிக்காதுன்னு சொல்றவங்க இதையும் ஞாபகம் வெச்சுக்கணும். யாராவது உண்மையிலேயே பார்க்கணும்ல?

அந்த நேரம் இயன் சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ல இருந்தார். அதுக்கு முன்னாடி இண்டியானாபொலிஸ்ல ப்ரோஜெனின்னு டெபியன் சார்ந்த ஒரு கம்பெனி நடத்தினார், அது 2007ல மூடிடுச்சு. சன்ல அவர் எடுத்த வேலை, சோலாரிஸை லினக்ஸ் பழகினவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்துறது. ப்ராஜெக்ட் பேரு இண்டியானா, தன் ஊர்ப் பேரு. 2008 மேல ஓப்பன்சோலாரிஸ் வந்தது. 2010ல ஆரக்கிள் சன்னை வாங்கின பிறகு அதுவும் நின்னுபோச்சு, இயனும் வெளிய வந்துட்டார். டெப்ராவுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆகி, பின்னாடி விவாகரத்தும் ஆச்சு. பேக்கேஜ் ஃபைல் பேருக்கு முடிவுல வர்ற ‘டெப்’ மட்டும் அப்படியே இருக்கு.

2015 கடைசியில டாக்கர் கம்பெனியில சேர்ந்தார். டாக்கர்ல நாம எடுத்துப் போடுற எத்தனையோ இமேஜ் டெபியன் மேல இருக்கிறதை யோசிச்சா, அது திரும்ப வீட்டுக்கு வந்த மாதிரிதான். ஆனா சில வாரம்தான். டிசம்பர் கடைசியில சான் பிரான்சிஸ்கோவுல போலீஸோட ஒரு தகராறு, கைது, விடுதலை, போலீஸ் தன்னை அடிச்சதா இணையத்துல அவர் போட்ட பதிவுகள். டிசம்பர் 28 அன்னைக்கு இறந்துட்டார். வயசு 42. அது தற்கொலைன்னு அடுத்த வருஷம் வெளியான பிரேதப் பரிசோதனை அறிக்கை சொல்லுச்சு. அந்த ரெண்டு மூணு நாளைப் பத்தி இணையத்துல நிறைய யூகம் சுத்துது. அதுக்குள்ள நான் போகலை.

2017 ஜூன் 17 அன்னைக்கு வந்த டெபியன் 9ஐ, ‘ஸ்ட்ரெட்ச்’சை, இயனுக்கு சமர்ப்பணம் பண்ணாங்க. 1.1 வெளியானதும் இதே ஜூன் 17தான். 2025 ஆகஸ்ட் 9 அன்னைக்கு டெபியன் 13 வந்தது, 69,830 பேக்கேஜோட. அடுத்ததோட பேரு ஃபோர்கி. ‘டாய் ஸ்டோரி’ நாலாம் பாகத்துல, குப்பையில போட்ட முள்கரண்டியை எடுத்து ஒரு குழந்தை செஞ்ச பொம்மை. அதுக்கான பக் பட்டியல் இப்பவும் திறந்துதான் இருக்கு.