எலிகள் எங்கே, எப்போது காணப்பட்டன? – மருத்துவர் பால் லூயி சிமோனின் வாழ்க்கை

காய்ச்சலுடன் வருபவரிடம், வீட்டருகிலோ பணியிடத்திலோ எலிகள் தென்பட்டனவா, எங்கே, எந்த நேரத்தில் என்று மருத்துவர் கேட்பதுண்டு. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் மழைக்காலத்தில் இக்கேள்வி தவிர்க்க இயலாதது. தொடர்பற்ற கேள்வியாக அது நோயாளிக்குத் தோன்றக்கூடும். அதனை நோய் ஆய்வின் மையத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் ஆவார்.

இவர் 1858 ஜூலை 30 அன்று தென்கிழக்குப் பிரான்சின் த்ரோம் பகுதியில் பிறந்தார். மருத்துவம் பயிலும்போதே பிரெஞ்சு கயானாவில் தொழுநோயாளர் இல்லத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1887இல் தொழுநோய் குறித்த ஆய்வேட்டினை அளித்து மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸிலுள்ள பாஸ்டர் நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பயிற்சி பெற்றார்.

1894இல் ஹாங்காங்கில் பிளேக் கிருமி கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர்களுள் ஒருவரான அலெக்சாந்தர் யெர்சின், நோய் பரவிய இடங்களில் செத்த எலிகள் கிடப்பதையும் குறித்துவைத்தார். 1896இல் அந்நோய் பம்பாயை அடைந்தது. துறைமுகத்தை ஒட்டித் தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் சூழ்ந்த மாண்ட்வி பகுதியில் அது முதலில் வெளிப்பட்டது. அவ்விடத்தின் அமைப்பை வட சென்னை மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்குப் பணியாற்றிய யெர்சினுக்கு அடுத்து, 1897இல் சிமோன் அனுப்பப்பட்டார்.

நோயாளிகளுக்குச் சீரம் செலுத்துவதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி. ஆயினும் அவர் நோயாளிகளின் வீடுகளுக்கும் பணியிடங்களுக்கும் சென்று விசாரிக்கத் தொடங்கினார். ஒரு கம்பளி ஆலையில் ஒரு நாள் காலை தரையெங்கும் எலிகள் செத்துக் கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த இருபது தொழிலாளர்கள் அமர்த்தப்பட்டனர். மூன்று நாட்களுக்குள் அவர்களில் பத்துப் பேருக்குப் பிளேக் கண்டது; ஏனைய தொழிலாளர்களுக்கு வரவில்லை. நோயாளிகள் சிலரின் கால்களில் சிறு கொப்புளங்களையும் அவர் கண்டார். அவை தெள்ளுப்பூச்சி கடித்த இடங்களாக இருக்கலாம் என ஐயுற்றார். எலி இறந்து உடல் குளிர்ந்ததும் அதன் மேலுள்ள தெள்ளுப்பூச்சிகள் வேறு உடலைத் தேடிச் செல்லும் என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

எலிகள் செத்து விழுந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது இமயமலைச் சரிவிலுள்ள கட்வால் மக்களுக்குப் பன்னெடுங்காலமாகத் தெரிந்திருந்தது. மருத்துவ உலகம்தான் தாமதித்தது.

1898 ஜூன் 2 அன்று கராச்சியில் சிமோன் தமது சோதனையைத் தொடங்கினார். பெரிய கண்ணாடிக் கலத்தின் அடியில் மணல் பரப்பி, தெள்ளுப்பூச்சிகள் மொய்த்த, பிளேக் கண்ட எலியொன்றை அதில் இட்டார். நலமான எலியொன்றைச் சிறு கூண்டில் அடைத்து, அதே கலத்தினுள் மணலைத் தொடாதவாறு தொங்கவிட்டார். இரு எலிகளும் ஒன்றையொன்று தொடவில்லை. சில நாட்களில் கூண்டிலிருந்த எலியும் பிளேக்கினால் இறந்தது. தெள்ளுப்பூச்சிகள் இல்லாத நோயுற்ற எலிகளுடன் நலமான எலிகளை வைத்தபோது நோய் பரவவில்லை.

அதே ஆண்டில் முடிவுகள் வெளியாயினும் பலர் ஏற்கவில்லை. இந்தியப் பிளேக் ஆணையமும் அவரது கருத்தைப் புறந்தள்ளியது. 1905க்குப் பின் பம்பாயில் நடைபெற்ற விரிவான ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. சிமோன் பிரேசிலில் மஞ்சள் காய்ச்சல் ஆய்விலும் பங்கேற்றார்; 1947இல் பிரான்சில் காலமானார்.

பம்பாயைப் போன்ற பேரழிவை மதராஸ் நகரம் காணவில்லை. இங்குள்ள எலிகளில் பிளேக்கைத் திறம்படப் பரப்பாத வேறு இனத் தெள்ளுப்பூச்சி மிகுந்திருந்தது ஒரு காரணமாகக் கூறப்பட்டது. இன்று வட சென்னையில் எலிகளைக் கண்டால் முதலில் கருத்தில் கொள்ள வேண்டியது பிளேக் அன்று, எலிக்காய்ச்சல். இதற்குத் தெள்ளுப்பூச்சி தேவையில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும், தோலிலுள்ள காயம், கண், வாய் வழியாகக் கிருமியை உடலுக்குள் செலுத்துகின்றன.

எலிகள் பெரும்பாலும் இரவில் நடமாடுபவை. பகலிலும் அடிக்கடி தென்பட்டால் அவை பெருகியிருக்கலாம், அல்லது வளைகள் கலைந்திருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் வளைகளுக்குள் நீர் புகும்போது பெருச்சாளிகள் வீடுகளை நோக்கி வரும். காசிமேட்டில் மீன் கழிவு சேரும் இடங்கள், தானியம் சிந்திய கிடங்குகள், பக்கிங்காம் கால்வாய்க் கரைகள் ஆகியவற்றில் அவற்றிற்கு உணவும் மறைவிடமும் கிடைக்கின்றன. வீட்டைத் தூய்மையற்றது என எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சத்தால் எலியைப் பற்றிச் சொல்லத் தயங்குவோரை மருத்துவர்கள் அடிக்கடி காண்கின்றனர். இத்தயக்கம் சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

தேங்கிய நீரில் நடந்த பின், பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களுக்குள், சில சமயம் ஒரு மாதம் வரையிலும், அறிகுறிகள் தோன்றலாம். காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியன இருப்பின் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை உடனே அணுகவும். தொடக்கத்திலேயே தரப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து நல்ல பலன் தரும். கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். நோயாளி எந்த நாளில், எந்தத் தெருவில் நீரில் இறங்கினார், எலிகள் எங்கே தென்பட்டன என்பதைப் பராமரிப்பாளர் குறித்துவைத்து, மருத்துவர் கேட்கும் முன்பே தெரிவிக்கலாம்.