நாவுக்கரசரும் சூலை நோயும்

வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஊர் சேத்தியாத்தோப்பு. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு சுற்றுப்புற வயல்களுக்கு நீர் தருகிறது. இவ்வூரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை வடலூரைக் கடந்து, பழுப்பு நிலக்கரிக்குப் பெயர் பெற்ற நெய்வேலியின் வழியாகப் பண்ணுருட்டியை அடைகிறது. பண்ணுருட்டியை அடுத்துக் கெடில நதியின் கரையில் திருவதிகை என்னும் பழம்பதி உள்ளது. அங்கிருந்து சிறிது தொலைவில் இருப்பது திருவாமூர். முற்காலத்தில் இப்பகுதியைத் திருமுனைப்பாடி நாடு என வழங்கினர். மருத்துவம் அறிந்தோர் எவராலும் தீர்க்க இயலாத வயிற்று நோயினால் வருந்தி, அதனின்று மீண்டு, பின்னர்த் தமிழ்நாடெங்கும் நடந்து தொண்டு செய்த திருநாவுக்கரசர் பிறந்தது இந்நாட்டிலேதான்.

அவர் வாழ்ந்தது கி.பி. 7-ஆம் நூற்றாண்டு. அவருடைய வரலாற்றை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடியுள்ளார். நாவுக்கரசருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார் என்பது. தந்தையார் புகழனார், தாயார் மாதினியார். திலகவதியார் என்னும் தமக்கையார் ஒருவர் அவருக்கு இருந்தார்.

இளமையிலேயே அக்குடும்பத்தைத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சூழ்ந்தன. திலகவதியாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தனர். திருமணம் நிகழுமுன் அரசன் ஆணையால் அவர் போர்க்களம் சென்றார். அவ்வேளையில் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவருடன் உயிர் நீத்தார். பெற்றோரை இழந்த இருவரும் அழுத கண்ணீர் உலருமுன், கலிப்பகையார் போரில் மாண்டார் என்ற செய்தியும் வந்தது. திலகவதியார் தாமும் உயிர்விடத் துணிந்தார். அப்போது மருணீக்கியார் அவர் திருவடிகளில் வீழ்ந்து, தமக்கையாரும் தம்மை விட்டுச் சென்றால் அவருக்கு முன்னே தாம் இறந்துபடுவதாகக் கூறிக் கதறினார். தம்பி வாழவேண்டும் என்னும் ஒரே கருத்தினால் திலகவதியார் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அன்று முதல் உலக இன்பங்களைத் துறந்து, தவநெறியில் நின்று வாழலானார்.

மருணீக்கியார் வளர்ந்தார். தம் செல்வத்தைக் கொண்டு அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். சோலைகளை வளர்த்தார், குளங்களைத் தோண்டுவித்தார். எனினும், நிலையாமையை இளமையிலேயே கண்ட அவர் உள்ளம் அமைதி பெறவில்லை. உண்மை நெறி எதுவெனத் தேடிய அவர், பாடலிபுத்திரம் சென்று சமண சமயத்தைத் தழுவினார்.

அந்தப் பாடலிபுத்திரம் வடநாட்டில் உள்ளதன்று. கெடிலம் கடலொடு கலக்கும் இடத்திற்கு அண்மையில் இருந்தது. கடலூரின் ஒரு பகுதியாக உள்ள திருப்பாதிரிப்புலியூரே அது. அங்கிருந்த சமணப் பள்ளி கல்வியில் சிறந்து விளங்கியது. உலோகவிபாகம் என்னும் நூல் கி.பி. 458-இல் அங்கே இயற்றப்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் ஆகிய நான்கையும் பிறருக்கு அளிப்பது சமணர் போற்றிய அறமாகும். இத்தகைய பள்ளியில் மருணீக்கியார் நூல்கள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்தார். தருமசேனர் என்னும் பெயரும் தலைமையும் பெற்றார். திலகவதியாரோ திருவதிகையை அடைந்து, வீரட்டானத் திருக்கோயிலில் நாள்தோறும் கதிரவன் தோன்றுமுன் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துத் தொண்டு செய்து வந்தார். தம்பி மீண்டும் தம்மிடம் வரவேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோளாக இருந்தது.

புகழின் உச்சியில் இருந்த தருமசேனரை ஒருநாள் சூலை நோய் பற்றியது. சூலத்தால் குத்துவது போன்ற வலியைத் தருவதால் அந்நோய்க்குச் சூலை என்று பெயர். குடரை முறுக்கி இழுப்பது போன்ற வலி மேன்மேலும் பெருகிற்று. வலி பொறாது அவர் பள்ளியின் அறையிலே மயங்கி வீழ்ந்தார். மருத்துவ அறிவு பெற்ற முனிவர் பலர் ஒருங்கே கூடினர். தாம் கற்ற மந்திரங்களை ஓதினர். மந்திரித்த நீரைப் பருகத் தந்தனர். மயிற்பீலியால் உடலைத் தடவினர். நோய் சிறிதும் தணியவில்லை, முன்னினும் மிகுந்தது. இத்தகைய நோயைத் தாம் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை என்று வருந்தி, இதனைத் தீர்ப்பது தம்மால் ஆகாது என அவர்கள் கைவிட்டனர்.

நோயின் துன்பம் ஒருபுறம். அந்நோய் இன்னது என்று சொல்வார் இல்லாத துன்பம் மற்றொருபுறம். கால் முறிந்தவனைக் கண்டால் எவரும் இரங்குவர். புண்பட்டவனுக்கு அப்புண்ணே சான்று. வயிற்றினுள் எழும் வலிக்கோ வலிப்பவனுடைய சொல்லைத் தவிர வேறு சான்று இல்லை. கற்றோர் பலருக்குத் தலைவராக இருந்தும், அத்தனை பேர் நடுவிலும் தருமசேனர் தனியரானார். அந்நிலையில் அவருக்கு நினைவு வந்தவர் தம் தமக்கையார் ஒருவரே.

தமக்கு உணவு சமைப்பவனை அழைத்துத் தம் நிலையைத் தமக்கையாரிடம் சொல்லி வருமாறு அனுப்பினார். அவன் திருவதிகை அடைந்து, நந்தவனத்தில் நின்ற திலகவதியாரைக் கண்டு, தம்பியின் நோயையும், அனைவரும் அவரைக் கைவிட்டதையும், உய்யும் வழி ஒன்றை அவர் வேண்டுவதையும் உரைத்தான். தம்பியின் பொருட்டே உயிர் தாங்கியிருந்த அவ்வம்மையார் உள்ளம் எவ்வளவு துடித்திருக்கும்! ஆயினும் தாம் கொண்ட நெறியினின்று வழுவ அவர் உடன்படவில்லை. அப்பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அவ்விடை தருமசேனரை மேலும் தளர்வித்தது. எனினும் அவர் சோர்ந்து கிடக்கவில்லை. தமக்கையார் வாராவிடில் தாமே அவரிடம் செல்வது என்று துணிந்தார். உடுத்திருந்த பாயையும், கையிற் கொண்ட பீலியையும், நீர்க் குண்டிகையையும் நீக்கினார். வெண்ணிற ஆடை உடுத்தார். தலைமையும் புகழும் அங்கேயே நிற்க, தம்மைத் தாங்குவார் சிலருடைய கையைப் பற்றிக்கொண்டு, எவரும் அறியாதபடி இரவில் புறப்பட்டார். கடலூரிலிருந்து திருவதிகை ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நலமுடையார்க்கே அது நெடுவழி. சூலை வருத்தும் உடலோடு அவர் அவ்வழியைக் கடந்தார்.

திருவதிகையில் தமக்கையார் தங்கியிருந்த மடத்தை அடைந்ததும், அவர் திருவடிகளில் வீழ்ந்து தம் துன்பத்தைத் தீர்க்குமாறு வேண்டினார். திலகவதியார் தம்பியைக் கடிந்துகொள்ளவில்லை. தம்மை விட்டுச் சென்றதைச் சுட்டிக் காட்டவில்லை. நோய் எவ்வாறு வந்தது என்று கேட்டு வருத்தவும் இல்லை. அன்போடு எழச் செய்தார். இறைவன் திருவருளை நினைந்து திருநீறு அளித்தார். வைகறையில் திருவலகும் தோண்டியும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குச் செல்லும்போது தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். வீரட்டானத்து இறைவன் திருமுன் நின்ற தம்பியார், தம் வலியையே பொருளாகக் கொண்டு ஒரு பதிகம் பாடினார். குடரை வருத்தும் நோயை விலக்கியருளுமாறு வேண்டிய அப்பாடலே அவருடைய தேவாரத்தின் தொடக்கம். பாடி முடிக்கவே சூலை நீங்கியது என்றும், திருநாவுக்கரசர் என்னும் பெயர் இறைவன் அருளால் அவருக்கு வாய்த்தது என்றும் பெரியபுராணம் கூறும்.

நோய் நீங்கியபின் அவர் அத்துன்பத்தை மறந்து ஓய்ந்திருக்கவில்லை. உழவாரம் என்னும் கருவியைக் கையில் ஏந்தினார். ஊர்தோறும் நடந்து சென்று, கோயில் முற்றங்களில் மண்டிய புல்லையும் முள்ளையும் செதுக்கித் தூய்மை செய்தார். அவரை ஒறுத்த பல்லவ மன்னன் நீற்றறையில் இட்டபோதும், கல்லோடு பிணைத்துக் கடலில் எறியச் செய்தபோதும் அவர் அஞ்சவில்லை என்று புராணம் கூறுகிறது. அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்று ஆசிரியர் பலர் கருத்து. தாங்க முடியாத வலியைத் தாங்கிப் பழகியவர்க்கு அரசன் தரும் தண்டனை பெரிதாகத் தோன்றாமை வியப்பன்று.

பெண்ணாகடம், திருவரத்துறை, திருமுதுகுன்றம் முதலிய தலங்களை வணங்கியபின், அவர் நிவா நதிக்கரை வழியே கிழக்கு நோக்கித் தில்லைக்கு நடந்தார். நிவா என்பது வெள்ளாற்றின் பழம்பெயர். இன்று சேத்தியாத்தோப்பு இருக்கும் பகுதியை அவர் கடந்து சென்றிருத்தல் கூடும். வண்டியிலோ சிவிகையிலோ அன்றிக் காலால் நடந்தே சோழ நாட்டையும் பாண்டி நாட்டையும் அவர் சுற்றி வந்தார்.

பிறர் துன்பம் கண்டவிடத்து அவர் வாளா இருந்ததில்லை. திங்களூரில் அப்பூதி அடிகளின் மகனைப் பாம்பு தீண்டியபோது, விருந்துண்ண அமர்ந்தவர் எழுந்து அச்சிறுவனை உயிர்ப்பித்த பின்னரே உண்டார் என்பர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, தம்மினும் வயதில் மிக இளைய திருஞானசம்பந்தரோடு கூடி, அடியார் பலருக்கு உணவளித்தார். அச்சம்பந்தர் அன்பு மேலிட்டு அப்பர் என்று அழைத்தமையால் அப்பெயரும் அவருக்கு நிலைத்தது. முதுமை எய்தியபின் திருப்புகலூரில், சித்திரைத் திங்கள் சதய நாளில் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் பாடியவற்றுள் இன்று கிடைக்கும் 312 பதிகங்களும் 4, 5, 6-ஆம் திருமுறைகளாக வகுக்கப்பட்டுள்ளன.

அவரை வருத்திய சூலை எத்தகைய நோய் என்று இன்று எவரும் வரையறுத்துக் கூற இயலாது. ஆனால் அத்தகைய வருத்தம் உலகை விட்டு நீங்கிவிடவில்லை. குருதியைச் சோதித்தும், கருவிகளால் வயிற்றினுள் நோக்கியும் குறை எதுவும் தென்படாமல், நாட்பட்ட வயிற்று வலியால் வருந்துவோர் இன்றும் உளர். குடலுக்கும் மூளைக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் நரம்புகள் அளவுக்கு மேல் உணர்ச்சி கொள்வதாலும் இத்தகைய வலி உண்டாகும் என்று மருத்துவ நூலார் இப்போது கூறுகின்றனர். சோதனையில் காணப்படாமையால் அவ்வலி பொய்யாகிவிடாது. காரணம் தெளியாவிடினும் வலியைத் தணிக்கவும், நோயாளி தம் வாழ்வை இயன்றவரை நடத்தவும் மருத்துவம் துணை செய்யும். ஆதலால் அத்தகையோர் மருத்துவரை நாடுவதை விட்டுவிடலாகாது.

சுற்றத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. நோயின் பெயர் தெரியவில்லை என்பதற்காக நோயாளியை ஐயுறுதல் கூடாது. வலி என்று ஒருவர் சொன்னால் அதனை நம்புதல் வேண்டும். அவரைத் தனியே விடாமல் தம்மோடு அழைத்துச் செல்லுதல் வேண்டும். நாவுக்கரசரின் வாழ்வில் கற்றறிந்தோர் பலர் கைவிட்ட பின்னர், நாள்தோறும் கோயிலைக் கூட்டி மெழுகிய தமக்கையார் ஒருவர் அதனைச் செய்தார். தமிழ்நாட்டிற்கு ஒரு நாவரசர் கிடைத்தார்.